"எல்லாம் கிளியரா?" – தெளிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தெரிந்துகொள்வோம்



நம் குழுக்களில் இன்று ஆங்கிலம் கலக்காமல் யாரும் பேசுவதில்லை. லோன், டியூ, பாஸ்புக், மீட்டிங், லீடர், பேலன்ஸ் எல்லாமே நமக்குப் பழகிவிட்டன. படிக்காத பாட்டிகூட "பேலன்ஸ் எவ்ளோம்மா?" என்றுதான் கேட்கிறார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பழகிய சொல் எல்லாம் புரிந்த சொல் என்று நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் சிக்கல் வருகிறது. இந்த இதழில் ஒரே ஒரு பொருளைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைப் பார்ப்போம். அந்தப் பொருள் 'தெளிவு'. இதில் போய் என்ன பாடம் என்று கேட்காதீர்கள். தெளிவு என்ற சொல்லே தெளிவில்லாமல் போனதால் நம் சகோதரி ஒருவர் பட்ட பாட்டை முதலில் கேளுங்கள்.

நடந்தது என்ன?

சில வருடங்களுக்கு முன், நாங்கள் வேலை பார்க்கும் பகுதியில் ஒரு உறுப்பினர் கறவை மாடு வாங்க ஒரு வங்கியில் 30,000 ரூபாய் கடன் வாங்கினார். 24 மாதத் தவணை. 19 தவணை ஒழுங்காகக் கட்டினார். பிறகு மாடு சினை பிடிக்காமல் போனது, பால் நின்றது, மூன்று தவணை நிலுவையானது. குழுவில் எல்லோரும் சொல்ல, இரண்டு ஆட்டை விற்று மூன்று தவணையையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கட்டினார். கவுன்டரில் இருந்தவர் பணத்தை எண்ணி வாங்கி, சீல் குத்தி, "கிளியர் ஆயிடுச்சும்மா, நீங்க போலாம்" என்றார்.

அந்த அக்கா சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். கடன் தீர்ந்தது என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். சாமிக்குச் சூடம் கூட ஏற்றினார். ஏழு மாதம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. இன்னும் இரண்டு தவணை பாக்கி, அதற்கு வட்டி, அபராதத் தொகை என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய அடி, அந்தக் குழு பொருளாதாரக் கடனுக்குக் கொடுத்திருந்த விண்ணப்பம் நின்றுபோனது. "உங்க குழுவுல ஒருத்தர் பேர்ல பாக்கி இருக்கே" என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். குழுவில் பன்னிரண்டு பேரும் அந்த அக்காவைத் திட்டித் தீர்த்தார்கள். "கட்டிட்டேன்னு பொய் சொன்னியா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர் அழுதுகொண்டே, "கிளியர்னு சொன்னாருங்க, என் காதால கேட்டேன்" என்றார்.

நாங்கள் பாஸ்புக்கையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்ப் பேசினோம். விசாரித்ததில் ஒன்று புரிந்தது. கவுன்டரில் இருந்தவரும் பொய் சொல்லவில்லை, அக்காவும் பொய் சொல்லவில்லை. அவர் 'கிளியர்' என்றது நிலுவையாக நின்ற மூன்று தவணையை. அக்கா 'கிளியர்' என்று புரிந்துகொண்டது முழுக் கடனை. சொல் ஒன்று, பொருள் இரண்டு. நடுவில் ஏழு மாதம் ஓடிவிட்டது.

முதலில் நம் தமிழில் என்ன இருக்கிறது?

தெளிவாகத் தெரிவதைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. "உள்ளங்கை நெல்லிக்கனி" என்கிறோம். கையில் வைத்திருக்கும் நெல்லிக்காயை யாரும் தேட வேண்டியதில்லை. "வெள்ளிடை மலை" என்கிறார்கள். வெள்ளிடை என்றால் மரம், மட்டை, வீடு எதுவும் மறைக்காத வெட்டவெளி. அங்கே நிற்கும் மலை யார் கண்ணுக்கும் தப்பாது. "குன்றின் மேலிட்ட விளக்கு", "பட்டப்பகல் போல", "வெட்டவெளிச்சம்", "கண்கூடு" எல்லாம் இந்த வகைதான். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். கையில் இருக்கும் புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டுமா என்ன? ஒருத்தி ஒரு விஷயத்தை ஒன்று விடாமல் விளக்கினால் "புட்டுப் புட்டு வச்சுட்டா" என்கிறோம்.

ஆங்கிலச் சொற்களும் இப்படிக் கண், கை, வெளிச்சம், வழி இவற்றிலிருந்து பிறந்தவைதான். பல சொற்களுக்கு மூலம் லத்தீன் என்ற பழைய மொழி. பிறந்த இடம் தெரிந்தால் சொல் மனதில் நிற்கும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு சொல்லாக...

1. கிளியர்: வெளிச்சமான, பளிச்சென்ற என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தெளிவு என்ற பொருளோடு, தடை நீங்கியது, பாக்கி தீர்ந்தது என்ற பொருளும் இதற்கு உண்டு. அதனால் இடத்துக்கு இடம் பொருள் மாறும். கவனமாகப் பாருங்கள்.

- "லோன் கிளியர் ஆயிடுச்சு" என்றால், கடன் அனுமதி ஆகிவிட்டது என்றும் இருக்கலாம், கடன் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றும் இருக்கலாம்.
- "டியூ கிளியர்" என்றால், இன்றைய தேதி வரை கட்ட வேண்டியதைக் கட்டியாகிவிட்டது என்று மட்டுமே பொருள். மீதித் தவணை அப்படியே இருக்கும்.
- "செக் கிளியர் ஆகலை" என்றால், செக்கைப் போட்டிருக்கிறீர்கள், பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை. கண்காட்சியில் பொருள் விற்றுச் செக் வாங்கும் குழுக்கள் இதை நினைவில் வையுங்கள். செக் கையில் இருப்பது வேறு, பணம் கணக்கில் இருப்பது வேறு.
- "டைட்டில் கிளியர்" என்றால், நிலத்தின் உரிமையில் வில்லங்கம் இல்லை என்று சொல்கிறார்கள். சொன்னால் போதாது. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவு செய்த விவரம்தான் வரும். பதிவு செய்யாமல் வீட்டோடு எழுதிக்கொண்டது அதில் வராது.

2. ப்ளெய்ன்: 'சமதளம்' என்று பொருள் உள்ள சொல்லிலிருந்து வந்தது. மேடு பள்ளம் இல்லாத தரை. அதனால்தான் பூப்போடாத சேலையை ப்ளெய்ன் சேலை என்கிறோம். 'எக்ஸ்ப்ளெய்ன் பண்ணுங்க' என்கிறோமே, அதுவும் இதே வேரில் பிறந்ததுதான். சுருங்கிக் கிடப்பதை விரித்துச் சமமாக்குவது என்று பொருள். பாயை விரித்துக் காட்டுவதுபோல விஷயத்தை விரித்துக் காட்டுவது.

3. ஆப்வியஸ்: இதில் 'வழி' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. போகிற வழியில் எதிரே வந்து நிற்பது என்பதுதான் பழைய பொருள். தேடிப் போகாமலே கண்ணில் படுவது. "இது ஆப்வியஸ்" என்றால் "இதைச் சொல்லவே வேண்டாம், பார்த்தாலே தெரியும்" என்று அர்த்தம்.

இந்தச் சொல்லில் ஒரு முள் உண்டு. ஒரே பாதையில் நடப்பவர்களுக்குத்தான் ஒரே பொருள் எதிர்ப்படும். தினமும் படிவம் பார்ப்பவருக்கு வழியில் கிடப்பது, வருடத்துக்கு ஒரு முறை படிவம் பார்க்கும் நமக்கு வழியில் கிடக்காது. அதனால், கேள்வி கேட்ட ஒருவரிடம் "ஆப்வியஸ்லி" என்று பதில் சொல்வதை ஆங்கிலம் பேசுகிறவர்களே மரியாதைக் குறைவாகத்தான் நினைப்பார்கள். யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் நீங்கள் கூச வேண்டியதில்லை.

4. எவிடென்ட்: 'பார்ப்பது' என்ற சொல்லிலிருந்து வந்தது. வீடியோ என்ற சொல்லும் அதே குடும்பம். நம் 'கண்கூடு' இதற்கு அப்படியே பொருந்தும். 'எவிடென்ஸ்' என்றால் சாட்சியம். இந்தியச் சாட்சியச் சட்டம் 1872-இல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் நமக்கான பாடம் மாறவில்லை. வாயால் சொன்னதைவிடக் கண்ணால் பார்க்கும்படி கையில் இருக்கும் காகிதம் பலமானது. ரசீது, பாஸ்புக், தீர்மான நோட்டு எல்லாம் நம் எவிடென்ஸ்.

5. மேனிஃபெஸ்ட்: இதற்குள் 'கை' இருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு வெளிப்படையானது. நம் உள்ளங்கை நெல்லிக்கனிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். தேர்தல் நேரத்தில் 'மேனிஃபெஸ்டோ' என்று பேப்பரில் வருகிறதே, தேர்தல் அறிக்கை, அது இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். கட்சி தன் எண்ணத்தை வெளிப்படையாக வைப்பது என்று பொருள்.

6. ட்ரான்ஸ்பரன்ட்: ஊடே பார்க்க முடிவது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பித்தளைச் சொம்பில் எட்டித்தான் பார்க்க வேண்டும். கணக்கு கண்ணாடி டம்ளர் போல இருந்தால் அது ட்ரான்ஸ்பரன்ட். தமிழில் 'வெளிப்படைத்தன்மை' என்று எழுதுகிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதற்காகத்தான் வந்தது. அரசு அலுவலகத்தில் 10 ரூபாய் கட்டணத்தில், தமிழிலேயே மனு எழுதித் தகவல் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இன்னொரு பெருமையும் உண்டு. நாடு முழுவதற்கும் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1997-இல் தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது.

7. செல்ஃப் எக்ஸ்பிளனேட்டரி: தன்னைத் தானே விளக்கிக்கொள்வது. அலுவலகத்தில் "ஃபார்ம் செல்ஃப் எக்ஸ்பிளனேட்டரிதான்மா, நீங்களே ஃபில் பண்ணிக்கோங்க" என்பார்கள். படித்தாலே புரியும், யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று பொருள். ஆனால் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், ஆங்கிலம் தெரிந்தவருக்குத்தான் அது தன்னை விளக்கும். நமக்கு முன்னால் அது ஊமைதான். தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

8. பிரைமா ஃபேஸி: காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் காதில் விழும் லத்தீன் சொல். முதல் பார்வையில் தெரிவது என்று பொருள். நம் கோர்ட்டுத் தமிழில் 'முகாந்திரம்' என்பார்கள். "முகாந்திரம் இருக்கிறது" என்றால் மேலே விசாரிக்கப் போதுமான அளவுக்கு விஷயம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். குற்றம் நிரூபணம் ஆகிவிட்டது என்று பொருள் இல்லை. குடும்ப வன்முறை வழக்குகளில் சகோதரிகளோடு போகும்போது, "முகாந்திரம் இருக்குன்னுட்டாங்க, ஜெயிச்சாச்சு" என்று யாராவது சொன்னால், வேலை இனிமேல்தான் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

சில சொல் வழக்குகள்

நம் பழமொழி போல ஆங்கிலத்திலும் சில வழக்குகள் உண்டு. பயிற்சிக்குப் போகும்போது, வங்கி மேலாளர் பேசும்போது, பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இவை வரும்.

"கிரிஸ்டல் கிளியர்": பளிங்கு போலத் தெளிவு. துளியும் சந்தேகம் இல்லை என்று சொல்ல.

"ப்ளெய்ன் ஆஸ் தி நோஸ் ஆன் யுவர் ஃபேஸ்": உன் முகத்தில் மூக்கு இருப்பதுபோல வெளிப்படை. நம் கைப்புண்ணுக்குக் கண்ணாடி கதைதான்.

"கோஸ் விதவுட் சேயிங்": சொல்லாமலே விளங்கும். இதைக் கேட்டால் உஷாராக இருங்கள். சொல்லாமல் விட்டது எது என்று கேட்டுவிடுங்கள்.

"இன் ப்ளாக் அண்ட் ஒயிட்": கறுப்பு வெள்ளையில், அதாவது வெள்ளைத் தாளில் கறுப்பு மையில். எழுத்துமூலமாக என்று பொருள். இந்த ஒன்றை மட்டுமாவது எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "சார், ப்ளாக் அண்ட் ஒயிட்டுல குடுங்க" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

"ஓபன் அண்ட் ஷட் கேஸ்": திறந்தவுடன் மூடிவிடலாம் என்கிற அளவுக்குச் சந்தேகமே இல்லாத வழக்கு.

"கிளியர் ஆஸ் மட்": இது கேலி. 'சேறு மாதிரித் தெளிவா இருக்கு' என்று நக்கலாகச் சொல்வது. ஒன்றுமே புரியவில்லை என்று பொருள். யாராவது உங்கள் கணக்கைப் பார்த்து இப்படிச் சொன்னால் பாராட்டு என்று நினைத்துச் சிரித்துவிடாதீர்கள்!

"எலிஃபன்ட் இன் தி ரூம்": அறைக்குள் யானை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று நடுவில் நிற்கிறது, ஆனால் ஒருவரும் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. நாம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்போம். சின்ன வித்தியாசம் உண்டு. பூசணிக்காய்க் கதையில் ஒருவர் மறைக்கிறார். யானைக் கதையில் எல்லோரும் சேர்ந்து பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். தலைவி எடுத்த உள்கடன் ஆறு மாதமாகத் திரும்பி வரவில்லை. தீர்மானத்தில் அது வராது. கூட்டம் முடிந்து குழாயடியில் மட்டும் பேசுவோம். அதுதான் யானை.

"கிளியர்" என்று சொன்னாலும் கிளியர் ஆகாத கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். இரண்டு பேர் உங்களுக்கு 10,000 ரூபாய் கடன் தருகிறார்கள். இரண்டு பேரும் "ரேட் ரொம்ப கிளியர்மா, நூத்துக்கு மாசம் ஒரு ரூபா வட்டி, பத்து மாசம்" என்கிறார்கள். மாதம் 1,000 ரூபாய் அசல். இரண்டும் ஒன்றுதானே? ஒன்றில்லை.

முதல் ஆள், மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி கேட்கிறார். முதல் மாதம் 10,000-க்கு 100 ரூபாய். அடுத்த மாதம் 9,000-க்கு 90. பிறகு 80, 70 என்று குறைந்து கடைசி மாதம் 10 ரூபாய். கூட்டினால் மொத்த வட்டி 550 ரூபாய். இது குறையும் வட்டி. நம் குழுக்களில் உள்கடனுக்கு வாங்க வேண்டியது இந்த முறைதான்.

இரண்டாவது ஆள், கடைசி வரைக்கும் முழு 10,000-க்கும் வட்டி கேட்கிறார். மாதம் 100 வீதம் பத்து மாதத்துக்கு 1,000 ரூபாய். இதுதான் ஃப்ளாட் ரேட். கடைசி மாதத்தைப் பாருங்கள். கையில் இருக்கும் கடன் 1,000 ரூபாய்தான், கட்டுவதோ 100 ரூபாய் வட்டி. அந்த மாதக் கணக்கில் நூற்றுக்குப் பத்து ரூபாய் ஆகிறது!

சொன்ன சொல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், "ஒரு ரூபா வட்டி". வித்தியாசம் 450 ரூபாய். ஃப்ளாட் என்றாலும் சமதளம்தான், ப்ளெய்ன் என்றாலும் சமதளம்தான். ஆனால் ஃப்ளாட் ரேட் ப்ளெய்னாக இருக்காது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காகத்தான் ரிசர்வ் வங்கி சில விதிகளைப் போட்டிருக்கிறது. 2022 ஏப்ரல் முதல், நுண்கடன் தரும் எல்லா நிறுவனங்களும் வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் எளிமையாக ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். கடன் அட்டை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் பெயரில் புதிதாகத் தரும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும் 'முக்கிய விவரக் குறிப்பு' ஒன்று தர வேண்டும். 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்று கேட்டால் புரியும். அதுவும் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதை நமக்கு விளக்கியும் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் ஒரே எண்ணாகப் போட்டிருக்கும். அந்தத் தாளில் எழுதாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கக் கூடாது.

அதாவது சகோதரிகளே, "புரியும்படி சொல்லுங்க" என்று நாம் கேட்பது தயவுக்காக இல்லை. அது நமக்கு உள்ள உரிமை.

ஆனால் பல ஆங்கிலப் படிவங்களில், தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்காகவே கடைசியில் ஒரு வரி இருக்கும். 'இதில் உள்ளதை என் தாய்மொழியில் படித்துக் காட்டி விளக்கினார்கள், நான் புரிந்துகொண்டேன்' என்பது அதன் பொருள். அதன் கீழேதான் நாம் கையெழுத்தோ ரேகையோ வைக்கிறோம். யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் புரிந்தது என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நாளைக்குப் பிரச்சினை வந்தால் அந்த வரிதான் நம் முன்னால் வந்து நிற்கும்.

நாமும் கொஞ்சம் யோசிப்போம்

வங்கியையும் அலுவலகத்தையும் மட்டும் குறை சொல்லி இந்தப் பாடத்தை முடித்தால் அது நியாயம் இல்லை. களப்பணியாளர்களாகிய நாங்களும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறோம். பயிற்சி முடியும்போது, "எல்லாம் கிளியரா?" என்று கேட்போம். முப்பது பேரும் "கிளியர் மேடம்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். நாங்களும் திருப்தியாக ரிப்போர்ட் எழுதிவிடுவோம். அந்தக் கறவை மாட்டு அக்காவும் கடன் பற்றிய எங்கள் பயிற்சியில் உட்கார்ந்திருந்தவர்தான். "கிளியர் மேடம்" என்று சொன்ன குரலில் அவர் குரலும் இருந்தது. இதை எழுதும்போது எங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பின்னால் ஒரு நாள் அவரிடமே கேட்டோம், "அக்கா, புரியலைன்னா அன்னைக்கே கேட்டிருக்கலாமே?" அவர் சொன்னார், "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, நான் மட்டும் எப்படிக் கேக்குறது?" அன்று உட்கார்ந்திருந்த மற்றவர்களையும் விசாரித்தோம். பாதிப் பேருக்குமேல் அதையேதான் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

அதற்குப் பிறகு நாங்கள் "கிளியரா?" என்று கேட்பதை விட்டுவிட்டோம். "இப்ப நான் சொன்னதை நீங்க உங்க வீட்டுல போய் எப்படிச் சொல்வீங்க, சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்கிறோம். அப்போதுதான் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரிகிறது. உங்கள் குழுவிலும் ஊக்குநரும் பிரதிநிதியும் இதைச் செய்து பாருங்கள். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டால், "இதுகூடத் தெரியாதா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று சொல்லாதீர்கள். அதுவும் ஒரு 'ஆப்வியஸ்லி'தான். தமிழில் சொன்னால் வலி குறைந்துவிடாது.

வங்கியில் கேட்க ஐந்து கேள்விகள்

இவற்றைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. "சார், கிளியர்னா டியூ மட்டும் கிளியரா, முழு லோனும் கிளியரா?"
2. "இன்னைக்குத் தேதிக்கு மொத்தம் எவ்வளவு பாக்கி? எழுதிக் குடுங்க."
3. "வட்டி குறையுற வட்டியா, ஃப்ளாட் ரேட்டா?"
4. "எனக்கு இது புரியல. தமிழ்ல இன்னொரு தடவை சொல்லுங்க."
5. கடன் முடிந்தால், "நோ டியூ சர்டிபிகேட் வேணும் சார்."

ஐந்தாவது மிக முக்கியம். பாக்கி இல்லை என்ற சான்று கையில் வரும் வரை கடன் முடிந்தது என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வீடு, நிலப் பத்திரத்தை அடமானம் வைத்திருந்தால், முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவு போட்டிருக்கிறது. தங்கள் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் நமக்குத் தர வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. இந்த வாரம் உங்கள் காதில் விழுந்த 'கிளியர்' எத்தனை? ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள்?
2. தெளிவைச் சொல்ல உங்கள் ஊரில் வேறென்ன சொல், பழமொழி உண்டு? பாட்டிமார்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.
3. 20,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, பத்து மாதம், மாதம் 2,000 அசல். குறையும் வட்டியில் மொத்த வட்டி எவ்வளவு? ஃப்ளாட் ரேட்டில் எவ்வளவு?
4. நம் குழுவில் யானை ஏதும் உட்கார்ந்திருக்கிறதா? இன்றைக்கே பேசிவிடலாமா?

மூன்றாவது கேள்விக்கு விடை: குறையும் வட்டியில் 1,100 ரூபாய், ஃப்ளாட் ரேட்டில் 2,000 ரூபாய். போட்டுப் பார்த்துவிட்டு விடையைப் பாருங்கள்!

கடைசியாக ஒரு நல்ல செய்தி. கறவை மாட்டு அக்கா பாக்கித் தவணையைக் கட்டி முடித்து, சான்றும் வாங்கினார். குழுவுக்கு வரவேண்டிய கடனும் சில மாதம் தாமதமாக வந்து சேர்ந்தது. சான்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். இப்போது அவர் வங்கிக்குப் போனால் கவுன்டரில் இருப்பவர், "கிளியர் ஆயிடுச்சும்மா" என்று சொல்லி முடிப்பதற்குள், "எது சார் கிளியர்?" என்று கேட்டுவிடுகிறாராம்.

அந்தக் கேள்வியை நாம் எல்லோரும் கேட்கப் பழகுவோம்.